மலாகா வரிசையில் பிறந்த ஐரிஷ்காரர்

பேரி காட்டர் ஐரிஷ்காரர் ஆனது ஸ்பெயினில், மலாகா விமான நிலையத்தில், மூத்திரம் முட்டிக்கொண்டு நின்ற ஒரு வரிசையில். அப்போது அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. அதற்கு முன்னால் ஒரு தடவை அவர் ஐரிஷ்காரராக இருந்ததுண்டு. அது பிறப்பில் வந்தது, அவர் கேட்டு வாங்கியதல்ல. அதனால் சீக்கிரமே கழற்றிப் போட்டுவிட்டார்.

பிரிட்டன் ஐரோப்பாவை விட்டுக் கழன்றுகொண்ட பிறகு அங்கே இரண்டு வரிசை. ஐரோப்பாக்காரர்களின் வரிசையில் யாரும் நிற்பதே இல்லை, நடந்துகொண்டே போனார்கள். மற்றது மீதி உலகத்துக்கு. பர்மிங்ஹாமிலிருந்து வந்த விமானம் மொத்தமும் மீதி உலகத்தில் நின்றது. மனைவி பமீலா கைப்பையிலிருந்து சுடோகு புத்தகத்தை எடுத்துக் கட்டம் நிரப்பத் தொடங்கியிருந்தாள்.

"என்ன அநியாயம் இது. மாட்டை நிறுத்தற மாதிரி நிறுத்தியிருக்கான்," என்றார் பேரி.

"வெளிய போகணும்னு நீதானே ஓட்டுப் போட்டே," என்றாள் பமீலா தலை நிமிராமல்.

"நீயும்தான் போட்டே."

"போட்டேன். அதான் பேசாம நிக்கறேன்."

"அவனுங்க உள்ள வரக்கூடாதுன்னு போட்டேன் பமீலா. நாம வெளிய நிக்கணும்னா போட்டேன்?"

அந்த நேரத்தில் பக்கத்து வரிசையில் ஒரு வழுக்கைத் தலையர் கையை வீசிக்கொண்டு போனார். கையில் கருஞ்சிவப்பு ஐரிஷ் பாஸ்போர்ட், அட்டையில் பொன்னிற யாழ். மீதி உலகத்தைப் பார்த்து, "காலு வலிக்கும்போல இருக்கே, பாவம்," என்று சிரித்தார். கார்க் மாவட்டத்துப் பேச்சு. ஒவ்வொரு வாக்கியமும் கடைசியில் ஒரு படி ஏறி நிற்கும். பேரியின் அப்பா அப்படித்தான் பேசுவார்.

பேரி அந்த யாழையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்கப்பா கார்க்லதான் பிறந்தாரு, தெரியுமா?" என்றார்.

பமீலா இப்போது தலை நிமிர்ந்தாள். "எங்க வீட்டுல அவரை வேல்ஸ்காரர்னுதானே சொல்லச் சொன்னே?"

வரிசை ஒரு அடி நகர்ந்தது.

பர்மிங்ஹாமின் ஸ்பார்க்ஹில்லில் பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் ஃபின்பார். கார்க்கின் காவல் புனிதர் பெயர். அப்பா கான் காட்டர் கப்பலேறி வந்து பர்மிங்ஹாமின் தெருக்களைத் தோண்டியவர். அம்மா ஹனோரா. அக்கா அசம்டா கார்க்கில் பிறந்து, ஐந்து வயதில் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தவள். அந்த வீட்டில் 'ஊர்' என்றால் கார்க். அதைக் கண்ணால் பார்த்திராத ஃபின்பாரும் சின்ன வயதில் "ஊருக்கு எப்ப போறோம்?" என்றுதான் கேட்பார். ஞாயிறன்று கத்தோலிக்கப் பூசை, தேர்தலன்று லேபர் கட்சி. இரண்டுக்கும் அப்பா ஒரே சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனார்.

ஃபின்பாருக்கு இருபத்து நான்கு வயதானபோது நகரத்தின் நடுவில் இரண்டு மதுக்கடைகளில் குண்டு வெடித்தது. இருபத்தொரு பேர் செத்தார்கள். வைத்தது ஐரிஷ் தீவிரவாதிகள் என்றார்கள். மறுநாளிலிருந்து ஐரிஷ் பேச்சுக் கேட்ட இடமெல்லாம் பர்மிங்ஹாம் பல்லைக் கடித்தது. ஹனோராவின் முன்னறை ஜன்னலில் செங்கல் விழுந்தது. ரொட்டிக் கடையில் அசம்டாவுக்கு ரொட்டி இல்லை என்றார்கள். அவள் தினமும் அதே கடைக்குப் போய், பேச்சில் கார்க்கை இன்னும் கெட்டியாகக் குழைத்து, அதே ரொட்டியைக் கேட்டாள். பெரிய வெள்ளி வந்தபோது கடைக்காரருக்கே அலுத்துப்போய்க் கொடுத்துவிட்டார்.

அந்தக் குளிர்காலத்தில் பயந்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பலரும் பேருந்தில் வாயைத் திறக்காமல் போனார்கள், கடையில் விரலால் காட்டிச் சாமான் வாங்கினார்கள். ஃபின்பார் வாயை மூடவில்லை. அவர் விஷயத்தில் சொல்லவேண்டியது அதுதான். அவர் வேலை பார்த்த கார் தொழிற்சாலையின் வாசலில் கூட்டம் கூடி, ஐரிஷ்காரன் எல்லாம் வெளியே போ என்று கத்தியபோது, பர்மிங்ஹாம் நாக்கோடு பிறந்த ஃபின்பார் அந்தக் கூட்டத்தின் நடுவில் பத்திரமாக நின்று நன்றாகவே கத்தினார். குரல்வளம் உள்ளவர். கூட்டத்தின் முன்னால் சாப்பாட்டு டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியேறிய சிலரில் பூச்சு வேலைக்கு வந்திருந்த மலாக்கி டுவேன் என்ற லிமெரிக் இளைஞரும் ஒருவர். அவர் திரும்பிப் பார்த்தாரா என்று ஃபின்பாருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவுமில்லை.

அதற்குப் பிறகு பெயரின் முன்பாதியை வெட்டினார். 'பார்' மிஞ்சியது. அதற்கு ஒரு வால் ஒட்டி பேரி ஆக்கிக்கொண்டார்.

அம்மாவைப் பார்க்க இருட்டிய பிறகு வருவார். காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்துவார். ஒரு தடவை உடைந்த ஜன்னலுக்கு அடித்திருந்த பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அம்மா, அந்தத் திரு இருதயப் படத்தைத் தெருவுக்கு நேரா மாட்டணுமா? உள்ள எங்கயாவது மாட்டிக்கோயேன்."

அம்மா படத்தைத் துணியால் துடைத்தாள். அசம்டாதான் அடுப்படியிலிருந்து வந்தாள். "ஏன்டா, இயேசுவுக்கும் பேரை மாத்திரலாமா? டெரெக்னு வச்சிரலாம். டெரெக்னா யாரும் கல்லெறிய மாட்டாங்க."

வெட்கப்படுகிறவர் என்றால் அந்த இடத்தில் வெட்கப்பட்டிருக்கலாம். பேரி அங்கேயிருந்து கிளம்பி, முன்னேறினார்.

ஜன்னல் வியாபாரம்தான். இரட்டைக் கண்ணாடி ஜன்னல், சத்தம் வராது, குளிர் வராது, கல்லும் லேசில் உடைக்காது. அம்மா வீட்டுக்கும் ஒன்று மாட்டிக்கொடுத்தார், தள்ளுபடி விலையில். பமீலாவைக் கட்டினார். சோலிஹல்லில் வீடு, கோல்ஃப் கிளப். பமீலாவோடு ஆங்கிலேயச் சபைக் கோயிலுக்குப் போக ஆரம்பித்து, அங்கே ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிப்பவரானார். வாசலில் கிழவிகள் அவர் குரலைப் பாராட்டிக் கைகொடுப்பார்கள். அப்பா எந்தக் கட்சியின் பெயரைக் கேட்டால் எழுந்து போய்க் கொல்லைக் கதவைச் சாத்துவாரோ அந்தக் கட்சியின் துண்டறிக்கையை வீடு வீடாகப் போட்டார். ஒரு தடவை நகரமன்றத்துக்கு நின்று தோற்றார். அறிக்கையில் 'இந்த மண்ணிலேயே பிறந்தவர்' என்று போட்டிருந்தது. அது உண்மை. அவர் வாழ்க்கையில் அச்சான பொய்யெல்லாம் உண்மையாகத்தான் இருந்தது.

அவர்கள் பேசும் ஆங்கிலத்தில் 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் ஒரே சொல்தான். எதிரே நிற்பவனைச் சேர்த்துச் சொல்கிறானா, தள்ளிவைத்துச் சொல்கிறானா என்று யாரும் பிடிக்க முடியாது. பேரிக்கு இது பெரிய வசதி. அந்த ஒரு சொல்லை வீட்டு வாசல் மிதியடி மாதிரி எந்தக் கதவுக்கு வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொண்டார். நம்ம வேலை, நம்ம எல்லை, நம்ம ஆஸ்பத்திரி, அவனுங்க வந்து நிரப்பிட்டானுங்க. வெளியேறும் வாக்கெடுப்பின்போது தோட்டத்தில் பலகை நட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு அசம்டா தொலைபேசியில் கேட்டாள்: "அப்பா கப்பல்லேருந்து இறங்கினப்போ இந்தப் பலகை இருந்திருந்தா நீ எங்கடா பிறந்திருப்பே?"

"அது வேற அசம்டா. நாம வேலை செய்ய வந்தோம்."

"ஓ. இப்ப வர்றவங்க எல்லாம் கடல் குளிக்க வர்றாங்களாக்கும்."

இப்படி இருந்தவருக்குத்தான் மலாகாவில் ஞானம் பிறந்தது. அப்பா பிறந்தது கார்க், அது போதும். கேட்டவுடன் கொடுத்தார்கள். பாஸ்போர்ட் வந்த நாளில் யாழைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பமீலா, இனிமே என்னை ஃபின்பார்னு கூப்பிடு," என்றார்.

"சாப்பாட்டு நேரத்துல ஞாபகம் வராது. அவசரம்னா பேரின்னுதான் வாய்ல வரும்."

புதிதாகச் சமயம் மாறியவர்களுக்கு இருக்கும் வெறி அவருக்கு வந்தது. காரில் போகும்போது செல்பேசியில் புரட்சிப் பாட்டுகளைக் கேட்டு மனப்பாடம் செய்தார். தொப்பி வாங்கினார். டிவியில் அமைச்சர் யாராவது பேசினால், "இந்த இங்கிலீஷ்காரனுங்க புத்தியே இப்படித்தான். எண்ணூறு வருஷமா நம்மள என்ன பாடு படுத்தினானுங்க," என்பார், ஒரு இங்கிலீஷ்காரியின் சோபாவில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு.

"எண்ணூறு வருஷம் பொறுத்தாச்சு இல்லையா. கறி ஆறிப்போகுது, சாப்பிட்டுட்டு விடுதலை வாங்கு," என்பாள் பமீலா.

பிறகு ஸ்பார்க்ஹில்லில் ஐரிஷ்காரர்களின் கால்டீ கிளப்பில் போய்ச் சேர்ந்தார். அப்பா வியாழக்கிழமைதோறும் சீட்டாடிய இடம். இப்போது அங்கே தலைவர் மலாக்கி டுவேன். அதே மலாக்கிதான். தலை முழுக்க வெண்பஞ்சு, பூச்சு வேலையில் தேய்ந்த தோள். கைகொடுத்து, "கானோட பையனா? வாப்பா," என்றாரே ஒழிய தொழிற்சாலை வாசலைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருந்ததைப் பேரி மறதி என்று எடுத்துக்கொண்டார். நேற்றுவரை தெருவில் பார்த்தாலும் தெரியாதவரை, அடுத்த வாரமே 'மலாக்கி அண்ணே' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

செயலாளர் க்ளோடா என்ற பெண். லிமெரிக்கிலிருந்து சில வருஷங்களுக்கு முன் வந்து நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டராக இருப்பவள். பூசைக்குப் போகாதவள், புரட்சிப் பாட்டுக் கேட்டால் கொட்டாவி விடுபவள். பழைய சீட்டாட்டக் கூடத்தில் வியாழக்கிழமை மதியம் எரித்ரியாவிலிருந்தும் சூடானிலிருந்தும் வந்தவர்களுக்குச் சாப்பாடு போட ஏற்பாடு செய்தது அவள்தான். பேரிக்கு அது பிடிக்கவில்லை.

"தப்பா நினைக்காதம்மா. நம்ம கிளப்பு நம்மளுக்குத்தானே?"

"நம்மன்னா யாரு, மிஸ்டர் காட்டர்?"

"நாமதான். ஐரிஷ்காரங்க."

"நான் சின்ன வயசுல இருந்தப்போ எங்க ஊர்ல உங்க மாதிரி ஆளுங்க இங்கிலாந்துலேருந்து கோடை லீவுல வருவாங்க. எங்களைவிட ஐரிஷ்ஷா இருப்பாங்க," என்றாள் க்ளோடா, சிரித்த முகம் மாறாமல். அவள் போன பிறகு பேரி மூலையில் சீட்டாடிய கிழவர்களிடம் கேட்டார்: "என்னைப் பிளாஸ்டிக் ஐரிஷ்காரன்னு, போலின்னு சொல்றாளா?" ஒரு கிழவர் சீட்டைப் பார்த்தபடியே, "பிளாஸ்டிக் நல்லது, மழையில ஊறாது," என்றார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். மார்ச் மாதம் புனித பாட்ரிக் நாளுக்குக் கிளப்பிலிருந்து ஊர்வலம் போகும். முன்னால் ஒரே ஒருவர், தோளிலிருந்து இடுப்புக்குப் பச்சைப் பட்டை. குண்டு வெடித்த பிறகு இருபது வருஷத்துக்கு மேல் பர்மிங்ஹாமில் பாட்ரிக் ஊர்வலமே கிடையாது. அதனால் அந்தப் பட்டைக்கு ஒரு கனம் உண்டு. அதைப் போட்டுக்கொண்டு நடந்தவனை அதற்குப் பிறகு யாரும் நீ யார் என்று கேட்க முடியாது. பேரிக்குத் தூக்கத்தில்கூட அந்தப் பச்சை தெரிந்தது.

அந்த வருஷம் கமிட்டி அசம்டாவைக் கேட்டிருந்தது.

"அவளுக்கு முழங்கால் ஆகாதே அண்ணே," என்றார் பேரி மலாக்கியிடம், முகத்தில் கவலையை வரவழைத்துக்கொண்டு.

அசம்டாவிடமே போய்க் கேட்டார்: "உனக்குப் பதிலா நான் நடக்கறேனே. குடும்பத்துக்குள்ளதானே இருக்கும்."

அவள் அம்மாவின் அதே வீட்டில், தள்ளுபடி ஜன்னலருகே உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் கரண்டி பிடித்த கை, நாற்காலிக் கையைப் பிடித்தபடி இருந்தது. "நான் சாகற வரைக்கும் பொறுத்துக்கடா. அப்புறம் கேளு, யாரு வேண்டாங்கறா," என்றாள். பிறகு, "டீ போடட்டா?" என்றும் கேட்டாள். அவள் அப்படித்தான்.

பிப்ரவரியில் அவள் செத்துப்போனாள். காலையில் எழுந்து, கெட்டிலைப் போட்டுவிட்டு, அது கொதிப்பதற்குள்.

பேரி அழுதார். அதை மறைக்க வேண்டியதில்லை. நிஜமான அழுகைதான். ஆனால் மூக்கைச் சிந்திவிட்டுக் கைக்குட்டையை மடிக்கும்போதே, இன்னும் ஊர்வலத்துக்கு நாள் இருக்கிறது என்று கணக்குப் போட்ட மனசும் அதே மனசுதான்.

உடலை முன்னறையில் வைத்திருந்தார்கள். மாலையில் வீடு நிறைந்தது. அடுப்படியில் ஹாம் சாண்ட்விச்சும் திராட்சை ரொட்டியும் டீயும் விஸ்கியும். கிளப் கமிட்டி முழுக்க வந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் கையால் சாப்பிட்ட பழைய மாணவிகள், பக்கத்து வீட்டு சோமாலியக் குடும்பம், வியாழக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களில் சிலர், ஆளுக்கொரு நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பேரி வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்தார். "ஃபின்பார். தம்பி," என்றார் ஒவ்வொருவரிடமும். பெயரைச் சொல்லும்போது 'ஃபின்'னைக் கொஞ்சம் அழுத்தினார்.

மலாக்கி அவரை ஓரமாகக் கூப்பிட்டார். "பட்டை விஷயம் கேட்டியே. நாளைக்கு அடக்கம் முடிஞ்சதும் கமிட்டி உக்காரும். உனக்குக் கொடுத்தா என்னன்னு நானே சொல்லலாம்னு இருக்கேன். அவ தம்பி நீ. இப்ப வந்து ஜெபமாலையை ஆரம்பி."

பேரி இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். ஜெபமாலையில் பத்துப் பத்தாக வரும் மங்கள வார்த்தை ஜெபம் மறந்துபோயிருந்தது. அதை வாரம் முழுக்கக் காரில் செல்பேசியோடு சேர்ந்து சொல்லிப் பழகியிருந்தார். மணியை எப்படித் தள்ளுவது, எந்த இடத்தில் நிறுத்துவது எல்லாம். ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் வரும் பரலோக மந்திரத்தை மட்டும் அவர் பழகவில்லை. அது தெரிந்ததுதானே. நாற்பது வருஷம் வாராவாரம் சொன்னதாயிற்றே.

பெட்டியருகே மண்டியிட்டார். அறை மண்டியிட்டது. இடமில்லாதவர்கள் மாடிப்படியில் மண்டியிட்டார்கள். பரலோக மந்திரத்தின் முதல் பாதியை அவர் சொன்னார். குரல் கணீரென்று வந்தது. அடுப்படியில் கோப்பைச் சத்தம் நின்றது. மறுபாதியைக் கூட்டம் சொல்ல வேண்டும். சொன்னது. தன் குரல் இல்லாமல் அது சோகையாக இருப்பதுபோலப் பட்டதால் பேரியும் கூடச் சேர்ந்து சொன்னார். தீமையிலிருந்து எங்களை விடுவியும் என்ற இடத்தில் கூட்டம் ஆமென் சொல்லி நின்றது.

பேரி நிற்கவில்லை.

ஆங்கிலேயச் சபையில் அந்த இடத்தில் ஜெபம் முடியாது. அதற்கு ஒரு வால் உண்டு. ராஜ்ஜியமும் வல்லமையும் மகிமையும் உமதே என்று போகும். பேரி அதைச் சொன்னார். தனியாகச் சொன்னார். 'வல்லமை'யில் எழும்பி 'மகிமை'யில் விரிந்து, என்றென்றைக்கும் என்று இறங்கும்போதுதான் அந்த அறையில் தன் குரல் ஒன்றே ஒன்று நடந்துபோவது அவருக்குக் கேட்டது. ஸ்பார்க்ஹில்லில் பால் குடி மறக்காத குழந்தைக்கும் அது யாருடைய வால் என்று தெரியும். ஒருவரும் சிரிக்கவில்லை. மாடிப்படியில் யாரோ இருமலைப் பாதியில் விழுங்கினார்கள். அசம்டா கண் மூடிக் கிடந்தாள். உயிரோடு இருந்திருந்தால் டெரெக் என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள்.

மலாக்கி மெதுவாக மங்கள வார்த்தையை எடுத்துக் கொடுத்தார். கூட்டம் பிடித்துக்கொண்டது. மிச்சம் முழுவதையும் மலாக்கியே நடத்தினார். பேரி மணியைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு சிரமப்பட்டு மனப்பாடம் செய்த ஜெபம் ஒரு தடவைகூடக் கணீரென்று வரவில்லை.

முடிந்ததும் அடுப்படிக்குப் போனார். மலாக்கி பின்னாலேயே வந்து ஒரு கோப்பையில் விஸ்கி ஊற்றிக் கொடுத்தார். க்ளோடா தொட்டியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

"பரவால்லப்பா," என்றார் மலாக்கி. "நீ உன் வீட்டுக்காரியோட கோயிலுக்குப் போறவன். அதனால என்ன? கார்க்லயே அந்தச் சபைக்காரங்க எத்தனை தலைமுறையா இருக்காங்க. நம்ம கணக்கர் அந்தச் சபைதான். சொன்னா ஒண்ணும் குறைஞ்சிடாது."

அதைவிட அகலமாக ஒரு கதவை யாரும் திறந்து வைக்க முடியாது. ஆமாண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கலாம்.

"இல்லண்ணே," என்றார் பேரி. "நான் அந்தக் கோயில் பக்கமே போனதில்ல. இப்ப ஊர்ல எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. கார்க்ல மாத்திட்டாங்க. இங்க நீங்க பழைய மாதிரியே சொல்றீங்க."

க்ளோடா கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "ஊர்லயா? போன மாசம் எங்க மாமா சாவுக்குப் போயிருந்தேன். மாத்தலையே."

"நீதான் பூசைக்கே போறதில்லையே, உனக்கு எப்படித் தெரியும்?"

"போறதில்ல. ஆனா சின்ன வயசுல இழுத்துட்டுப் போனாங்க. பூசையில அந்த வால் வருது, மிஸ்டர் காட்டர். நீங்க சொல்ற அதே வரி. கொஞ்சம் தள்ளி, நடுவுல குரு ஒண்ணு சொன்னப்புறம் வரும். அம்பது வருஷமா வருது. 'பூசை ஞாபகத்துல சொல்லிட்டேன்'னு சொல்லியிருந்தீங்கன்னா நாங்க எல்லாரும் நம்பியிருப்போம்." கையைத் துடைத்துக்கொண்டாள். "பூசைக்கு ஒரு தடவை போயிருந்தா தெரிஞ்சிருக்கும்."

பேரி விஸ்கியைப் பார்த்தார். மலாக்கி அவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். இரட்டைக் கண்ணாடி. வெளியே கார்கள் சத்தமில்லாமல் போயின.

மறுநாள் அடக்கம் முடிந்து, கிளப்பில் எல்லோரும் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது பேரி பொறுக்க மாட்டாமல் மலாக்கியின் மேசைக்குப் போனார். "கமிட்டி எப்பண்ணே உக்காருது?"

"காலையிலயே உக்காந்துட்டோம். பெட்டியை மூடறதுக்கு முன்னாடி."

"சரி. பட்டை?"

"அவளுக்குப் போட்டுட்டோம்."

பேரிக்குப் புரியவில்லை.

"பெட்டிக்குள்ள, தோள்லேருந்து இடுப்புக்கு. நீ பக்கத்துலதானே நின்னே. பார்க்கலையா?"

அவர் பார்க்கவில்லை. அவர் அப்போது யார் யார் தன்னைப் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஜெபத்துக்காகவா?" என்றார், குரல் கொஞ்சம் உயர்ந்து. "ஒரு வரி கூடச் சொன்னதுக்கா?"

"வரிக்கு இல்லடா." மலாக்கி முதல் தடவையாக அவரை 'டா' போட்டார். "அன்னைக்கு வாசல்ல நீ கத்தினதைக்கூட நான் எடுத்துக்கல. இருபத்து நாலு வயசுல எவன் பயப்படல. நேத்து உன்னை யாரு பயமுறுத்தினா? நாங்க டீ கொடுத்துட்டுல்ல இருந்தோம்? அப்பவும் பொய் சொன்னே."

பேரி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

மலாக்கி சூப்பில் ரொட்டியை நனைத்தார். "இந்த வருஷம் முன்னாடி யாரும் இல்ல. அந்த இடம் சும்மா போகும். நீ வா. கார்க் கொடிக்குப் பின்னாடி நாம எல்லாரும் நடக்கலாம். அசம்டா கையால சாப்பிட்ட பசங்க, அந்த சோமாலியப் பிள்ளைங்க, க்ளோடா, நான். உன் சம்சாரத்தையும் கூட்டிட்டு வா, அவங்களுக்கும் கால் இருக்குல்ல."

அவர் சொன்னது 'நாம'. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. பேரி அந்தச் சொல்லைத் தட்டில் வைத்து நீட்டியதுபோலப் பார்த்தார், உப்புக் குறைந்த பண்டத்தைப் பார்ப்பதுபோல. கூட்டத்தில் ஒருவராக நடப்பதற்கா இத்தனை பாட்டு மனப்பாடம் செய்தார்?

"பார்க்கறேன்," என்றார்.

மார்ச்சில் ஊர்வலம் போனது. மழை பெய்தது. முன்னால் ஒரு ஆள் நடக்கக்கூடிய இடத்தைக் காலியாக விட்டுக் கொடிகள் போயின. பேரி அன்று சோலிஹல்லில் கோல்ஃப் கிளப்பில், கண்ணாடிக்கு உள்ளே இருந்தார். யாரோ "என்ன ஃபின்பார், உங்க ஆளுங்க ஊர்வலமாமே?" என்று கேட்டதற்கு, "பேரின்னே கூப்பிடுப்பா," என்றார். "அவங்க எப்பவுமே அப்படித்தான். தனக்குள்ளயே அடிச்சுப்பாங்க. வெளி ஆளை உள்ள விட மாட்டாங்க."

அதில் எந்தச் சொல்லை அவர் யோசித்துச் சொன்னார் என்று தெரியவில்லை. யோசித்திருக்க மாட்டார்.

பாஸ்போர்ட்டை மட்டும் விடவில்லை. மே மாதம் மலாகாவில் இறங்கினார்கள். பேரி யாழை வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு, "பமீலா, என்கூட வா. புருஷன் பெண்டாட்டின்னு சொன்னா சேர்த்தே விட்டாலும் விடுவான்," என்றார்.

"வேணாம். நான் இங்கிலீஷ்காரி, என் வரிசை அது," என்றாள் பமீலா. பையிலிருந்து சுடோகுவை எடுத்துக்கொண்டு மீதி உலகத்தின் வாலில் போய் நின்றாள்.

பேரி தனியாக நடந்தார். கூண்டிலிருந்த ஆள் பெயரைப் படிக்கவும் இல்லை, முகத்தைப் பார்க்கவும் இல்லை. அந்தப் பக்கம் வந்தவருக்குப் போவதற்கு இடமில்லை. வாடகைக் கார் பமீலா பெயரில் இருந்தது, வீட்டுச் சாவி அவள் பையில் இருந்தது. பெட்டிகள் வந்து இரண்டு சுற்றுச் சுற்றி நின்றன. கண்ணாடிக்கு அப்பால் அவள் கட்டம் நிரப்பிக்கொண்டே, ஒரு அடி, இன்னொரு அடி, நகர்ந்துகொண்டிருந்தாள். முன்னால் நின்ற பர்மிங்ஹாம்காரர்கள் எதற்கோ சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பேரி கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தார். அந்த யாழ் தேசத்தால் அவருக்கு ஆன பிரயோஜனம் அதுதான். பிறகு பெட்டிகளின் பக்கத்தில், இங்கிலாந்து வந்து சேரும்வரை நின்றுகொண்டிருந்தார்.